ஆள் சேர்க்கும் அக்கா

அந்த அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவர் மீது கோபப்பட எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது? அந்தக் கோபம் வேறு ஆட்கள் மீது. யார் யார் என்று போகப் போகச் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

ஸ்ரீராம்புரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், கவர், உடைந்த கண்ணாடி மாற்றுவது, இவ்வளவுதான் வியாபாரம். கடை இருக்கும் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் அந்த அக்கா. மாநகராட்சித் துப்புரவு வேலை. பச்சைக் கோட்டு, தலையில் இறுக்கிக் கட்டிய துணி, கையில் ஆள் உயரத் துடைப்பம். புருஷன் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே பெண். இப்போது பொம்மனஹள்ளிப் பக்கம் குடி போய்விட்டார்கள், நான் பார்த்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் இந்நேரம் எங்கேயாவது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும். அவளை மறுபடி சந்திக்கு இழுக்க எனக்கு மனசில்லை.

அக்கா எங்கே போனாலும் கூட்டம் சேர்த்துக்கொண்டுதான் போவார். ஒரு ரீசார்ஜ் செய்ய ஐந்து பேர் வருவார்கள். ஒருத்திக்குப் பல் வலி என்றால் ஆஸ்பத்திரிக்கு எட்டுப் பேர். காலையில் ஆறரைக்கு வருகைப் பதிவேட்டில் மஸ்டர் போட எல்லாரும் கூடும் முச்சந்தியில் அக்காவையும் சேர்த்து முப்பத்தி நாலு பெண்கள் நிற்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் கலந்த கூட்டம். அத்தனை பேரும் அக்கா கை காட்டினால் கிளம்பிவிடுவார்கள். "நாலு பேரு நிக்கணும் தம்பி. தனியா நிக்கிறவங்கள நாய் கூட மதிக்காது" என்பார். வேதாந்தம் பேசுகிற ஆள் இல்லை அவர். தெருவில் நின்று தெரிந்துகொண்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் கடை திறந்த அன்று நல்ல மழை. சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருத்தரும் வரவில்லை. நானும் என் மனைவியும் பூசணிக்காயை வைத்துக்கொண்டு முழித்தபடி நின்றோம். அக்கா தெருமுனையிலிருந்து பார்த்திருக்கிறார். அப்போது எனக்கு அவரை முகம் கூடச் சரியாகத் தெரியாது. கால் மணி நேரத்தில் பதினைந்து பச்சைக் கோட்டுகள் மழையில் நனைந்தபடி கடை வாசலில் வந்து நின்றன. யாரும் எதுவும் வாங்கவில்லை. தேங்காய் உடைத்ததும் கைதட்டினார்கள், ஆளுக்கொரு லட்டு தின்றார்கள், போய்விட்டார்கள். ஆள் நிற்காத கடைக்கு ஆள் வராது, அதனால்தான் கூட்டிவந்தேன் என்றார் அக்கா. என் மனைவி அன்றைக்கு அழுதே விட்டாள்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். மஸ்டர் போடும் இடத்தில் அந்தப் பெண்களுக்கு கக்கூஸ் கிடையாது. காலை ஆறரையிலிருந்து மத்தியானம் இரண்டு வரைக்கும் அடக்கிக்கொண்டு ஊரைச் சுத்தம் செய்ய வேண்டும். இதை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்துக் கை ஓய்ந்தபின் ஒரு நாள் அக்கா முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனார். கோஷம் கிடையாது, சண்டை கிடையாது. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். என்ன வேண்டும் என்று அதிகாரி கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம் சார், உங்கள் கக்கூசுக்குப் போக வரிசையில் இருக்கிறோம் என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறார். மறுநாளே பக்கத்துப் பொதுக் கழிப்பறைச் சாவி இவர்கள் கைக்கு வந்தது.

சாவுக்கும் அப்படித்தான். எங்கள் சந்தில் நாதியில்லாமல் ஒரு பெரியவர் இறந்தபோது பாடைக்குப் பின்னால் நடக்க ஆளே இல்லை. அக்கா போய்ச் சேர்த்துவந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, செத்தது யார், பெரிய ஆளா என்று பஸ்ஸில் போனவர்கள் விசாரித்தார்கள்.

இப்படிப்பட்ட அம்மாவுக்குப் பிறந்த பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல். நல்ல படிப்பு, அதைவிட நல்ல டான்ஸ். அம்மா கார்ப்பரேஷனில் வேலை என்று மட்டும் ஸ்கூலில் சொல்லிவைத்திருந்தாள். கூடப் படித்தவர்கள் ஏதோ ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டார்கள். இது அக்காவுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே, பாப்பா பொய்யா சொன்னது, கார்ப்பரேஷன்தானே என்பார்.

ஒரு நாள் மாலை அந்தப் பெண் போன் கண்ணாடியை மாற்றக் கொண்டுவந்தாள். பத்து நிமிஷ வேலை. அதற்குள் மூன்று தடவை, ஒரு நிமிஷம் குடுங்கண்ணா, பார்த்துட்டுத் தர்றேன் என்று வாங்கிப் பார்த்தாள். மத்தியானம் ஒரு டான்ஸ் ரீல் போட்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தேன், அருமையாக ஆடியிருந்தாள். கீழே பதினொரு ஹார்ட்டு. போன தடவை அறுபதாம். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அவள் முகம் செத்துக்கொண்டே வந்தது.

"கம்மியா வந்தா எடுத்துடணும்ணா. இல்லேன்னா நாளைக்கு கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றாள்.

என்ன தெரிந்துவிடும் என்று கேட்டேன். அவள் மறுபடி போனுக்குக் கை நீட்டினாள். நல்லா ஆடியிருக்கேம்மா, சூப்பர் என்றேன். தேங்க்ஸ்ணா என்றாள், ஆனால் என் பாராட்டு அவள் காதோடு நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் அக்கா வந்தார். பாப்பா ராத்திரி சாப்பிடவில்லை, பதினொன்றுதானாம் என்றார். அந்த ஹார்ட்டு எப்படி வரும், யார் வேண்டுமானாலும் அமுக்கலாமா என்று கேட்டார். போன் இருக்கிற யாரும் அமுக்கலாம் என்றேன்.

"அவ்ளோதானா? எங்கிட்டதான் முப்பத்தி நாலு பேரு இருக்காங்களே தம்பி."

எனக்கு அந்த இடத்திலாவது புத்தி வந்திருக்க வேண்டும். நாளெல்லாம் போனோடு மாரடிக்கிறவன் நான். அந்த வயசுப் பிள்ளைகள் யாருடைய ஹார்ட்டுக்காகக் காத்துக்கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என் கடைக்காக மழையில் நின்ற கூட்டம் அது. அவர்களுக்கு ஏதாவது செய்ய ஒரு வாய்ப்பு கிடைத்ததே என்று குஷியாகிவிட்டேன். முட்டாள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து எல்லாரும் அப்படியே வந்தார்கள். கடை வாசலிலிருந்து தையற்கடை வரைக்கும் வரிசை. ஒவ்வொருத்தர் போனிலும் அந்த ஆப்பை ஏற்றி, கணக்கு ஆரம்பித்து, முகப்புக்கு ஒரு போட்டோ நானே எடுத்து வைத்தேன். எல்லாரும் பச்சைக் கோட்டோடு நிற்கிறார்கள். அழகாக இருக்கிறது என்று நானே சொன்னேன். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டிக் கொடுத்தேன். சூப்பர் பாப்பா, எங்க அக்கா மகள், கண்ணு படப் போவுது, இப்படியெல்லாம். கடைசியாக அக்கா. துடைப்பத்தைக் கீழே வைக்காமலே போட்டோ எடுத்துக்கொண்டார். என்ன எழுத என்று கேட்டேன். என் பொண்ணு, அவ்ளோ போதும் என்றார். அப்படியே எழுதினேன். எண்ணிக்கை நாற்பத்தைந்துக்கு ஏறியது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அதோடு நின்றார்களா? கற்றுக்கொண்ட சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய் அவளுடைய பழைய போட்டோக்களையெல்லாம் தேடித் தேடி அமுக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் மத்தியானமே அந்தப் பெண் ஸ்கூலிலிருந்து ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் அக்கா அவளுடைய போனை என் முன்னால் வைத்தார். அந்த ரீலுக்குக் கீழே, அக்கா எழுதிய இரண்டு வார்த்தைக்குப் பக்கத்தில், கூடப் படிக்கிற ஒருத்தன் ஒரு துடைப்பம் படம் போட்டிருந்தான். வேறு எழுத்து எதுவும் இல்லை. அதன் கீழ் இன்னொரு துடைப்பம். அதன் கீழ் இன்னொன்று. குப்பை வண்டி வந்துவிட்டது, வாளியை எடுத்துவாருங்கள் என்று கன்னடத்தில் ஒரு பெண். முதல் துடைப்பத்துக்கு மட்டும் நூற்றுக்கும் மேல் ஹார்ட்டு. அந்தப் பெண் உயிரைக் கொடுத்து ஆடிய ஆட்டத்துக்கு நாற்பத்தைந்து, ஒரு துடைப்பத்துக்கு நூறு. பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. எழுதும்போது இப்போதும் கொதிக்கிறது.

"தொடப்பம் எதுக்குத் தம்பி போட்டிருக்காங்க?" என்று அக்கா கேட்டார்.

தெரியாமல் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்து சொல்கிறேனா என்று பார்த்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

படித்த வீட்டுப் பிள்ளைகள் ஐயா அவர்கள். அவர்கள் எழுந்து பல் விளக்குவதற்குள் அவர்கள் வாசலைப் பெருக்கிவிட்டுப் போகிற பெண்களில் இரண்டு பேர் இந்த முப்பத்தி நாலில் உண்டு. அவர்கள் தின்று போட்ட எச்சிலை அள்ளுகிற கையைப் பார்த்து அவர்களுக்கே சிரிப்பு வருகிறது. வீட்டில் யாரிடமிருந்து கற்றார்கள் என்று கேட்டால் எந்த அப்பன் பதில் சொல்வான்?

வீடியோவை அன்றைக்கே அழித்துவிட்டாள். அழித்து என்ன? அதற்குள் போன் திரையைப் படம் பிடித்து வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து அவள் ஸ்கூலுக்குப் போகவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சாப்பிட மாட்டாள், புத்தகத்தைத் தொட மாட்டாள், போனை மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பாள். யார் திட்டியிருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் பார்க்கிறாள் தம்பி, புண்ணை நோண்டுகிற மாதிரி என்று அக்கா சொன்னார். பத்து வருஷப் படிப்பு கண் முன்னால் கைவிட்டுப் போகிறதே என்று அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஒரு வாரம் கழித்து ஸ்கூலில் கூப்பிட்டார்கள். அக்கா வழக்கம்போல முப்பத்தி நாலு பேரையும் கிளப்பத் தயாராகிவிட்டார். கேட்டிலேயே உட்கார்ந்துவிடுவோம், எந்தப் பிள்ளை போட்டதோ அது நேரில் வந்து நம் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்றார். நானும் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன் என்றேன். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரையும் கூட்டிட்டுப் போகாதம்மா. ஒரே ஒருத்தர் கூட வந்தாங்கன்னு தெரிஞ்சாலும் நான் பரீட்சை எழுத மாட்டேன்."

அக்கா தனியாகப் போனார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு போனார். நான் பார்த்து அவர் தனியாக ஓரிடத்துக்குப் போனது அது ஒன்றுதான். அங்கே மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். பிரின்சிபால், இரண்டு டீச்சர், அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவில் இரண்டு பேர், அப்புறம் ஸ்கூலில் பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை என்றால் பேசுவதற்கு வைத்திருக்கிற ஒரு மேடம்.

ஸ்கூல் நேரத்துக்கு வெளியே போனில் நடந்ததற்கு ஸ்கூல் பொறுப்பாகாது என்றார்கள். பிள்ளைகள் விளையாட்டு என்றார்கள். ஒரு பெண்ணின் ஆப் பக்கத்தில் சம்பந்தமில்லாத வெளியாட்கள் இத்தனை பேர் நுழைந்ததால்தான் பிரச்சினையே என்றார்கள். வெளியாட்களாம்! பிறந்ததிலிருந்து அவளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்த பெண்கள் வெளியாட்கள், மூன்று வருஷம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து துடைப்பம் போட்டவன் உள்ளாள். இனிமேல் வெளியாட்கள் தொந்தரவு இருக்காது என்று அக்காவிடமிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். எழுதிவைத்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். முப்பது பேரோடு போய் கக்கூஸ் சாவி வாங்கின அக்கா. துடைப்பம் போட்ட பிள்ளைகளிடம் யாரும் ஒரு வரி கூட எழுதி வாங்கவில்லை.

நேராகக் கடைக்குத்தான் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அந்த மேடம் மட்டும் மரியாதையாகப் பேசினதாகச் சொன்னார்.

"இந்த வயசுல மூளைக்குள்ள ஒரு இடம் இருக்குதாம் தம்பி. கூடப் படிக்கிற பசங்க நல்லாருக்குன்னா அது லைட்டு போட்ட மாதிரி எரியுமாம். அவங்களே சீன்னா அடி வாங்கின மாதிரி வலிக்குமாம். பெத்தவ நல்லாருக்குன்னா அவ்ளோவா எரியாதாம். அது பாப்பா தப்பு இல்லயாம், அந்த வயசு அப்படியாம்."

அப்புறம் அக்கா அந்த மேடத்தைக் கேட்டாராம், துடைப்பம் போட்ட பிள்ளைகளுக்கும் அதே வயசுதானே, அவர்கள் மூளை என்ன செய்தது என்று. ஏற்கெனவே நிறையப் பேர் அமுக்கியதைப் பார்த்தால் அந்த வயசில் கை தானாகப் போய் அமுக்கிவிடும் என்று பதில் சொன்னாராம் மேடம்.

அக்கா இதையெல்லாம் அமைதியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா, எல்லாம் தெரிந்திருக்கிறதே! எந்த இடத்தில் எரியும், எந்த இடத்தில் வலிக்கும், கை எப்போது தானாகப் போகும், அத்தனையும் தெரிந்திருக்கிறது. மேடத்துக்கே தெரிந்தால் இந்த ஆப்பைச் செய்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதானே அந்த இடத்துக்கு நேராக ஒரு ஹார்ட்டை வைத்து, பக்கத்தில் எண்ணிக்கையும் எழுதி, பதினைந்து வயசுக் கையில் கொடுத்திருக்கிறான்? குழந்தை எட்டுகிற உயரத்தில் ஒருத்தன் பிளக் பாயின்ட் வைத்தால் நாம் சும்மா விடுவோமா? இதை மட்டும் ஏன் விட்டோம்? நான் விட்டேன், விற்றேன், சொல்லியும் கொடுத்தேன். கடை போர்டில் அந்த ஹார்ட்டின் படம் கூடப் போட்டிருந்தேன். அதை மறுநாளே பிளேடால் சுரண்டி எடுத்தேன். சுரண்டி என்ன பிரயோஜனம்?

திரும்ப ஸ்கூலுக்குப் போக அந்தப் பெண் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பழைய போட்டோக்களில் இருக்கிற அத்தைகளின் ஹார்ட்டெல்லாம் போய்விட வேண்டும், அவர்கள் கணக்கும் அவளுடைய ஆப் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிள்ளைகள் அந்தப் பச்சைக் கோட்டு முகங்களைத் தேடிப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். அவளே எல்லாரையும் பிளாக் செய்திருக்கலாம். செய்ய மாட்டேன் என்றாள். அத்தைகளுக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும், நீயே ஏதாவது சொல்லி எடுக்கச் சொல்லும்மா என்றாளாம். இந்த மனசுள்ள பெண்ணைப் பார்த்துத்தான் அங்கே நூறு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

மறுபடியும் இரண்டு மணிக்கு முப்பத்தி நாலு பேரும் என் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். இந்த ஆப்பில் வைரஸ் வந்துவிட்டது, போன் கெட்டுப்போகும் என்று அக்கா பொய் சொல்லியிருந்தார். நான் ஒவ்வொரு போனாக வாங்கி ஒவ்வொரு ஹார்ட்டாக எடுத்தேன். பாப்பா டான்ஸை இனிமேல் எதில் பார்ப்பது என்று ஒரு தெலுங்குக்கார அம்மா கேட்டார். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் தன் போனை நீட்டினார். நான் மொத்தக் கணக்கையும் அழித்துக் கொடுத்தேன். இரண்டரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை.

அந்தப் பெண் ஸ்கூலுக்குப் போனாள், பரீட்சையும் எழுதினாள். பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்துவிட்டதாக ஸ்கூலில் சொல்லிக்கொண்டார்கள். அம்மா கோட்டோடு தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போவதில்லை, எந்தக் கூட்டத்துக்கும் யாரையும் கூட்டுவதில்லை. இதற்குப் பெயர் சுமுகம்.

ரிசல்ட் வந்தது. ஸ்கூலில் அவள் மூன்றாவது. அதே ஸ்கூல் தன்னுடைய ஆப் பக்கத்தில் அவள் போட்டோவைப் பெரிதாகப் போட்டு, எங்கள் பெருமை என்று எழுதியிருந்தது. கீழே முந்நூறுக்கும் மேல் ஹார்ட்டு. பெயர்களை இறக்கிப் பார்த்தேன். துடைப்பம் போட்டவனும் இருந்தான். அவன் கை இதற்கும் தானாகப் போயிருக்கும்.

அக்கா வேலைக்கு நடுவே கோட்டோடு வந்தார். பாப்பா போட்டோ வந்திருக்காமே, காட்டு தம்பி என்றார். என் போனைக் கொடுத்தேன். கையைக் கோட்டில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணு அமுக்குங்கக்கா. என் போன்தானே, யாருக்குத் தெரியப் போவுது?"

"வேணாம் தம்பி. கை தவறி நான் அமுக்கிட்டா பாப்பாவுக்குக் கஷ்டம்."

போட்டோவில் விரல் பட்டுவிடாமல், போனின் இரண்டு ஓரத்தையும் மட்டும் பிடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.